அஞ்சடிக் கணக்கு

காலை ஏழரை மணி. லெபோ பசாரில் பாதிக் கடைகள் இன்னும் கதவு திறக்கவில்லை. பினாங்கின் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவுக்கு இந்த நேரத்தில் ஒரு தனி வாசனை உண்டு. மல்லிகை, சாம்பிராணி, கால்வாய் ஓரத்து ஈரம் மூன்றும் கலந்தது. மூடிய துணிக்கடை ஒன்றின் முன்னால், அஞ்சடியின் ஓரக் கல்லில், நெகிழிப் பையில் கட்டிய தே தாரேக்கை உறிஞ்சியபடி ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். "பசியாறியாச்சா தம்பி?" என்று கேட்டுவிட்டு ஒரு சாண் நகர்ந்து இடம் விட்டார். உட்கார்ந்தேன். கருங்கல். உள்ளங்கையை வைத்தால் ஜில்லென்று இருந்தது.

பினாங்குக்கு வெளியே இருப்பவர்களுக்கு அஞ்சடியைச் சொல்லியாக வேண்டும். கடைவீட்டின் மாடி முன்னே நீண்டு தூண்கள்மேல் நிற்கும். அதன் அடியில், கடைக்குக் கடை தொடர்ந்து ஓடும் கூரையுள்ள நடைவழிதான் அஞ்சடி. 1822இல் சிங்கப்பூர் நகரத்தைத் திட்டமிட்ட ராஃபிள்ஸ், ஒவ்வொரு வீடும் தெருவை ஒட்டி இப்படியொரு வழி விட வேண்டும் என்றார். அந்த வழக்கம் பினாங்கிலும் மலாக்காவிலும் வேர்விட்டது. அகலம் ஐந்தடி, ஆகவே மலாயில் காக்கி லீமா, நம்மவர் வாயில் அஞ்சடி. நடப்பதற்கென்று போட்ட வழியில் எத்தனை பேர் உட்கார்ந்து காலத்தை ஓட்டியிருக்கிறார்கள்! செருப்புத் தைப்பவர், சாவி செய்பவர், பூக்கட்டுபவர் என்று ஒரு தொழில் உலகமே அந்த ஐந்தடிக்குள் சம்மணமிட்டிருக்கிறது. நம் ஊர்த் திண்ணைக்குக் கடல் கடந்து ஒரு சொந்தம் கிடைத்ததுபோல எனக்கு எப்போதும் தோன்றும்.

உலக நகரங்கள் இப்போது வேறு வகைத் திண்ணைகளைத் தேடுகின்றன. பூங்காவிலும் கடற்கரையிலும் பெஞ்சுக்குப் பதிலாக ஒரு வடிவத்தை வைக்கிறார்கள். வெட்டிய கனசதுரம், அலையாக மடியும் நாடா, தேன்கூட்டு அறுகோணங்கள், பல முகம் கொண்ட படிகம் போன்ற பாறை. தூரத்திலிருந்து பார்த்தால் சிற்பம். கிட்டே போனால் இருக்கை. இவற்றில் சிலவற்றில் எந்நேரமும் ஆள் இருக்கும். சிலவற்றில் படம் பிடிக்க மட்டும் ஒரு நிமிடம் உட்கார்ந்து எழுந்துவிடுவார்கள். அழகில் இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம். வேறுபாடு எங்கே வருகிறது என்று பார்த்தால், முழங்காலிலும் தோலிலும் சூரியனிலும் போய் நிற்கிறது.

முழங்காலிலிருந்து தொடங்கலாம். பாதம் தரையில் பதிந்திருக்கும்போது முழங்காலின் பின்மடிப்பு எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதுதான் இருக்கையின் உயரம். வளர்ந்தவர்களுக்கு அது 40 முதல் 45 செ.மீ. வரை. இருக்கை இதைவிட உயர்ந்தால் கால் தொங்கும். விளிம்பு தொடையின் அடிப்பக்கத்தை அழுத்தும். அங்கே ஓடும் நரம்பு நசுங்கிக் கால் மரத்துப்போகும். தாழ்ந்தால் முழங்கால் மேலெழும், இடுப்பு பின்னுக்குச் சாயும், முதுகு கூனும். வயதானவர் எழுந்திருக்கும்போதுதான் பாடு தெரியும். பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படி. பாதி ஏறியவர்கள் படியிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். யாரும் அடுத்த படியில் கால் வைப்பதில்லை. ஒரு படி விட்டு அதற்கும் கீழே வைப்பார்கள். ஒரு படி 17 செ.மீ. என்றால் இரண்டு படி 34. நாற்காலி உயரத்துக்கு உடம்பே ஒரு கணக்குப் போட்டுக்கொள்கிறது.

இனி ஒரு வடிவத்தை எடுத்து இந்தக் கணக்கை ஓட்டிப் பார்க்கலாம். எண்முகியின் ஆறு முனைகளையும் சீராக வெட்டி எடுத்தால் 14 முகம் கொண்ட ஒரு கட்டி கிடைக்கும். எட்டு முகம் அறுகோணம், ஆறு முகம் சதுரம், எல்லா விளிம்பும் ஒரே நீளம். இதையே பல செய்து அடுக்கினால் இடுக்கே இல்லாமல் வெளியை நிரப்பும். 1887இல் கெல்வின் பிரபு நுரைக்குமிழிகளை ஆராய்ந்தபோது இந்த வடிவத்தின் சற்றே வளைந்த உருவத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். சிற்பிகளுக்குப் பிடிக்காமல் இருக்குமா?

இதை ஓர் இருக்கையாக 43 செ.மீ. உயரத்துக்குச் செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். சதுர முகம் தரையில் படும்படி வைத்தால், மேலே வரும் சதுரத்தின் பக்கம் வெறும் 15 செ.மீ. உள்ளங்கை அகலத்தைவிடச் சற்றே அதிகம். அதில் யார் உட்காருவார்? அதே வடிவத்தைப் புரட்டி அறுகோண முகத்தைத் தரையில் வைத்து, அதே 43 செ.மீ. உயரம் வருமாறு அளவை மாற்றினால், மேலே முனைக்கு முனை 35 செ.மீ., பக்கத்துக்குப் பக்கம் 30 செ.மீ. உள்ள அறுகோணம் வந்துவிடும். அருமையான முக்காலிப் பலகை. மேல் அறுகோணத்துக்கு நேர் கீழே அதே அளவில் அடி அறுகோணம் இருப்பதால், அதன் ஓரத்தில் ஒருவர் உட்கார்ந்தாலும் எடை அடிப்பரப்பைத் தாண்டி விழாது, கவிழாது. முழுக் கான்கிரீட்டில் வார்த்தால் 150 கிலோ அளவுக்கு வரும், யாரும் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. படுக்கும் பக்கத்தை மாற்றியதற்கே இவ்வளவு.

ஆனாலும் ஒரு குறை மிஞ்சுகிறது. இந்த வடிவம் நடுவில் புடைத்தது. மேல் விளிம்பிலிருந்து பக்க முகங்கள் வெளிப்புறமாகச் சரிகின்றன, அறுகோண முகம் செங்குத்திலிருந்து 19 டிகிரிக்கு மேல், சதுர முகம் 35 டிகிரி. உட்கார்ந்திருப்பவர் எழ வேண்டுமானால் முதலில் குதிகாலை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். எழுந்து பாருங்கள், புரியும். குதிகால் உடம்பின் எடைக்கு அடியில் வராமல் யாராலும் எழ முடியாது. புடைத்த பக்கம் அந்தக் குதிகாலைத் தடுக்கிறது. இளைஞர்கள் கையை ஊன்றித் துள்ளி எழுவார்கள். அஞ்சடிப் பெரியவர் அதில் உட்காரவே யோசிப்பார்.

இந்தச் சிக்கலை 1938இலேயே ஒருவர் தீர்த்துவைத்துவிட்டார். ருமேனியாவின் துர்கு ஜியு நகரத்தில், முதல் உலகப்போரில் ஊரைக் காத்து இறந்தவர்களின் நினைவாகச் சிற்பி கொன்ஸ்தந்தீன் பிரான்குஷி ஒரு வட்டக் கல் மேசையையும் அதைச் சுற்றிப் பன்னிரண்டு கல் முக்காலிகளையும் அமைத்தார். மௌன மேசை என்று பெயர். முக்காலி ஒவ்வொன்றும் இரண்டு அரைக்கோளங்கள். கோளத்தின் உச்சிகள் நடுவில் முட்டிக்கொண்டிருக்க, வெட்டிய தட்டை முகங்களில் ஒன்று மேலே, ஒன்று கீழே. பார்ப்பதற்கு மணற்கடிகாரம். உருண்டையின் அழகு பக்கவாட்டில் இருக்கிறது, உட்காரத் தட்டையான பரப்பு மேலே இருக்கிறது, இடை ஒடுங்கியதால் குதிகாலுக்கு இடமும் இருக்கிறது. முழு உருண்டையை நட்டிருந்தால் ஒருவரும் ஐந்து நிமிடம் தாங்க மாட்டார்கள். உட்காரும்போது உடம்பின் எடையில் பெரும்பகுதி இடுப்பெலும்பின் அடியில் உள்ள இரண்டு முட்டுகளில் இறங்குகிறது. தட்டையில் அந்த எடை கொஞ்சமாவது பரவும். குவிந்த பரப்பில் சிறு வட்டத்துக்குள் ஒடுங்கிவிடும்.

இதுவரை சொன்னது ருமேனியாவுக்கும் பினாங்குக்கும் பொது. வெயிலுக்கு வந்தால் கதை வேறு.

சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு நகரத்துப் பூங்காவில் பளபளக்கும் எஃகுத் தகட்டில் செய்த பல்முகச் சிற்பம் ஒன்றைப் பார்த்தோம். உட்காரலாம் என்று பலகையும் இருந்தது. அரைக்கால் சட்டை போட்டிருந்த அக்கா மகள் ஓடிப்போய் உட்கார்ந்தாள்; உட்கார்ந்த வேகத்திலேயே அலறி எழுந்தாள். தொடையின் பின்புறம் சிவந்துவிட்டது. இரண்டு எட்டு தள்ளி, அதே வெயிலில், ஒரு மரப் பெஞ்சு கிடந்தது. அவளை அதில் உட்காரவைத்துத்தான் தண்ணீர் ஊற்றினோம். அதுவும் சூடுதான், ஆனால் உட்கார முடிந்தது. மரமும் எஃகும் ஒரே சூட்டில் இருந்தால்கூட ஏன் ஒன்று மட்டும் சுடுகிறது?

இரண்டு பொருள்கள் தொடும் கணத்தில், தொடும் இடத்தின் வெப்பநிலை இரண்டுக்கும் சரிநடுவில் நிற்காது. எந்தப் பொருளுக்கு இழுபலம் அதிகமோ அதன் பக்கம் சாயும். அந்த இழுபலத்தைத் தருவன மூன்று: வெப்பத்தைக் கடத்தும் திறன், அடர்த்தி, தன்வெப்பம். மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஓர் எண் கிடைக்கும். தோலுக்கு அது ஏறத்தாழ 1,200. மரத்துக்கு 400 அளவில். கருங்கல்லுக்கு 2,400. துருப்பிடிக்காத எஃகுக்கு 8,000 வாக்கில். தோல் 34 டிகிரி செல்சியஸிலும் இருக்கை 50 டிகிரியிலும் இருப்பதாக வைத்துக் கணக்குப் போடுங்கள். மரத்தைத் தொட்ட இடம் 38 டிகிரியில் நிற்கும். கருங்கல்லில் 45 டிகிரிக்கு நெருங்கும். எஃகில் 48. நம் தோலில் உள்ள வலி நரம்புகள் 43 டிகிரி வாக்கில் விழித்துக்கொள்கின்றன. மரத்தில் இளஞ்சூடு, கல்லில் சுரீர், எஃகில் அலறல். மூன்றும் 50 டிகிரிதான்.

வியன்னாவின் அருங்காட்சியக வளாகத்தில் 2002இல் வைத்த என்சி என்ற கோணல்மாணலான பெரிய இருக்கைகள் இதற்கு நேர்மாறான கதை. அவற்றை இறுகிய நுரைப்பொருளில் செய்தார்கள். நுரைக்குள் இருப்பது பெரும்பாலும் காற்று. காற்றுக்கு இழுபலம் இல்லையென்றே சொல்லலாம். கோடையிலும் குளிரிலும் தோலுக்கு இதமாக இருந்தது அந்தப் பொருள். அங்கே மக்கள் படுத்தே கிடந்தார்கள்.

அப்படியானால் கல்லையும் எஃகையும் ஒதுக்கிவிட வேண்டியதுதானா? லெபோ பசார் கல்லுக்குத் திரும்புவோம். அதே கருங்கல், அதே 2,400. ஆனால் இரவு முழுவதும் குளிர்ந்து, காலை நிழலில் 27 டிகிரியில் இருக்கிறது. இப்போது கணக்குத் தலைகீழ். கல் தோலிலிருந்து வெப்பத்தை உருவுகிறது. தொட்ட இடம் 29 டிகிரிக்கு இறங்கிவிடும். பக்கத்தில் அதே 27 டிகிரியில் ஒரு மரப்பலகை இருந்தால், அது 32 டிகிரிக்கு மேலேயே நின்றுவிடும். வெயிலில் சுட வைத்த குணம்தான் நிழலில் குளிரவைக்கிறது. செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையில் கோடை மதியம் சட்டையைக் கழற்றிவிட்டு வெறும் முதுகோடு படுத்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாய்கூட விரிக்க மாட்டார்கள். கல்லா மரமா என்ற கேள்வியைவிட, அதன் தலைக்குமேல் என்ன இருக்கிறது என்ற கேள்வி பெரியது. பினாங்குத் தீவே கருங்கல் பாறையின்மேல் நிற்கிறது. இந்த ஊருக்குக் கல் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? நிழலைத்தான் கேட்க வேண்டும்.

நிழலுக்கும் வடிவியல் உண்டு. ஜார்ஜ்டவுன் வட அட்சரேகை 5 டிகிரி 25 நிமிடத்தில் இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்தை ஒட்டியும் சூரியன் நேர் தலைக்குமேல் வருகிறது. மலேசியக் கடிகாரம் இந்த ஊர் இருக்கும் தீர்க்கரேகைக்கு முன்னால் ஓடுவதால், உச்சிவெயில் பன்னிரண்டுக்கு வராமல் ஒன்றே கால் மணிக்குமேல் வருகிறது. அந்த நேரத்தில் எவ்வளவு உயரமான சிற்பமாக இருந்தாலும் அதன் நிழல் அதன் காலடியிலேயே சுருண்டுவிடும். பக்கத்தில் உட்கார்ந்தவருக்குப் பயனில்லை. அதோடு, ஒரு பரப்பு வாங்கும் வெயில் அதன் சாய்வைப் பொறுத்தது. கிடைமட்டப் பரப்பு உச்சிவெயிலை முழுதாக வாங்கும். 60 டிகிரி சாய்ந்த முகம் பாதிதான் வாங்கும். செங்குத்து முகம் கிட்டத்தட்ட ஒன்றும் வாங்காது. பல்முகச் சிற்பத்தில் உட்காரத் தகுந்த முகம் எதுவோ அதுவே அதிகம் சுடும் முகம். இந்த முரணை வடிவத்தை மட்டும் திருகித் தீர்க்க முடியாது. மேலே கூரையோ மரமோ வேண்டும். விரிந்த குடைபோலக் கிளை பரப்பும் தூங்குமூஞ்சி மரங்கள் இந்த ஊரில் இருக்கின்றன. நல்ல சிற்பத்தின் முதல் பாதியை அவை ஏற்கெனவே செய்து வைத்திருக்கின்றன.

மழையையும் சொல்லியாக வேண்டும். ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கு மேல் பெய்யும் ஊர் இது. கணிதப்படி தட்டையான பரப்பில் தண்ணீர் படலமாக நிற்கும். 50 செ.மீ. அகல இருக்கைக்கு ஒரு செ.மீ. சரிவு கொடுத்தால் போதும், வழிந்துவிடும். கண்ணுக்கும் தெரியாது, இடுப்புக்கும் தெரியாது. குழிவான இருக்கைதான் ஆபத்து. எலும்பு முட்டுகளுக்குக் குழிவு இதம், ஆனால் தேங்கிய தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். டெங்கியோடு மல்லாடும் நாட்டில் வடிகால் துளையில்லாத குழிவுச் சிற்பம் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பார்சலோனாவின் குவெல் பூங்காவில், கட்டடக் கலைஞர் கவுதி வடிவமைத்து நூறு மீட்டருக்கு மேல் பாம்பாக நெளியும் ஓட்டுச்சில்லு பெஞ்சில், ஈரம் சீக்கிரம் காயட்டும் என்று சிறு சிறு மேடுகளை விட்டிருக்கிறார்கள். அங்கே பினாங்கு மழையில் நாலில் ஒரு பங்குதான் பெய்கிறது!

அந்தப் பெஞ்சின் நெளிவில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. உள்வாங்கிய வளைவில் உட்காருபவர்களின் முகங்கள் ஒன்றையொன்று நோக்கித் திரும்புகின்றன. வெளிவாங்கிய வளைவில் விலகுகின்றன. கனடாவில் மனநல மருத்துவராக இருந்த ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் 1957இல் இடங்களை இப்படியே இரண்டாகப் பிரித்தார், ஆட்களைச் சேர்க்கும் இடம், ஆட்களைப் பிரிக்கும் இடம் என்று. நம் அரசமரத்து மேடை வட்டமானது. எல்லோரும் வெளியே பார்த்து உட்காருவார்கள். மேடையின் ஆரம் ஒரு மீட்டர் என்றால், 60 செ.மீ. இடைவெளியில் இருக்கும் இரண்டு பேரின் முகங்களுக்கு நடுவே 34 டிகிரி விலகல். ஆரம் மூன்று மீட்டரானால் விலகல் 12 டிகிரிக்குள் வந்துவிடும், கழுத்தை லேசாகத் திருப்பினால் போதும். பெரிய மரத்தடியில் பஞ்சாயத்து நடந்ததற்கும் சின்ன மரத்தடியில் ஆளுக்கொரு திசையில் வேடிக்கை பார்த்ததற்கும் இந்தக் கோணமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். அஞ்சடியில் தூண் இருக்கிற இடம்தான் பேச்சுக்கு வாகு. ஒருவர் தூணில் சாய்ந்து அஞ்சடியின் நீளவாக்கில் உட்காருவார், மற்றவர் தெருவைப் பார்த்துக் காலைத் தொங்கவிடுவார். இருவருக்கும் நடுவே செங்கோணம். விரும்பினால் முகம் பார்க்கலாம், விரும்பாவிட்டால் தெருவைப் பார்க்கலாம்.

சிற்பமும் பயனும் ஒன்றான பொதுப்பொருள் நமக்குப் புதிதா என்று கேட்டால், தமிழ்நாட்டின் பழைய சாலைகளில் நிற்கும் சுமைதாங்கிக் கல்லைத்தான் காட்டுவேன். இரண்டு செங்குத்துக் கற்கள், மேலே ஒரு குறுக்குக் கல். இதைவிட எளிய வடிவியல் உண்டா? அதன் உயரம் நடந்துவருபவரின் தலைச்சுமைக்கு அளவெடுத்தது. 40 கிலோ மூட்டையைத் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயர்த்த ஏறத்தாழ 600 ஜூல் வேண்டும். தனியாக வரும் ஆளுக்கு அந்தத் தூக்கல்தான் முடியாத காரியம். சுமைதாங்கியில் மூட்டையைப் பக்கவாட்டில் தள்ளி வைக்கலாம், அப்படியே திரும்ப வாங்கிக்கொள்ளலாம். நடுவில் அதன் நிழலில் உட்காரலாம். இவற்றில் பல, வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக நட்டவை. அவள் இறக்க முடியாமல் போன சுமைக்கு ஈடாக, வழிப்போக்கர் யாராவது தம் சுமையை இறக்கட்டும் என்று. துர்கு ஜியுவின் கல் மேசையையும் இதையும் என் மனம் எப்போதும் பக்கத்தில் பக்கத்தில்தான் வைத்துப் பார்க்கிறது. பினாங்கில் தோளில் கண்டார் கழியைச் சுமந்து, ஒரு முனையில் சோறும் மறுமுனையில் கறியுமாக வந்து துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்ற தமிழ் முஸ்லிம்களும் எங்கோ ஒரு நிழலில்தான் அந்தச் சுமையை இறக்கியிருப்பார்கள். நாசி கண்டார் என்ற அந்தச் சோற்றுணவின் பெயரில் இன்னும் அந்தக் கழி இருக்கிறது.

ஜார்ஜ்டவுனில் இன்று ஆட்கள் தேடிப்போய் உட்காரும் கலைப்படைப்பு ஆர்மீனியன் தெருவில் இருக்கிறது. 2012இல் ஜார்ஜ்டவுன் விழாவுக்காக லிதுவேனிய ஓவியர் எர்னெஸ்ட் ஜக்கரெவிச் சுவரில் இரண்டு பிள்ளைகளை வரைந்து, அவர்களுக்கு அடியில் நிஜமான சைக்கிள் ஒன்றைப் பொருத்தினார். படம் பாதி, உட்காருபவர் மீதி. வரிசையில் நின்று உட்காருகிறார்கள். உடம்பு வந்து சேர்ந்தால்தான் முழுமையடையும் என்ற அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அது ஒரு நிமிட இருக்கை, நெடுநேரம் உட்காருவதற்காக வைத்ததுமல்ல. நிஜமாகவே அரைமணி நேரம் உட்காரவைக்கும் வடிவம் ஒன்றை இந்த ஊர் எழுப்ப நினைத்தால், அதன் மாதிரியைப் படத்தில் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். ஏப்ரல் மாதம் ஒன்றே கால் மணிக்கு அதில் ஒரு பாட்டியையும் ஒரு குழந்தையையும் உட்காரவைத்துப் பார்த்து முடிவெடுக்கட்டும்.

லெபோ பசார் கல்லில் உட்கார்ந்த அன்று மாலை கர்னி டிரைவுக்குப் போயிருந்தேன். கடலோரத் தடுப்புச் சுவர் பகலெல்லாம் வெயில் குடித்திருந்தது. ஏழு மணி தாண்டியும் அந்தச் சூடு கல்லுக்குள் மிச்சமிருந்தது. காற்றில் குளிர் ஏறத் தொடங்கியிருந்தது. ஒரு தாய் சுவரருகே வந்து நின்றார். முதலில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், ஒரு கணம், இரண்டு கணம். பிறகு கையை எடுத்துவிட்டு, இடுப்பிலிருந்த பிள்ளையை இறக்கிச் சுவரின்மேல் உட்காரவைத்தார்.